மெசோஅமெரிக்கச் சடங்குச் சிற்பங்களைப் புரிந்துகொள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய மெசோஅமெரிக்காவின் (மெக்சிகோவும் அதையடுத்த மத்திய அமெரிக்கப் பகுதிகளும்) சடங்குப் பொருள்களைப் பற்றி எழுதுவோர் செய்யும் பெரும் பிழை, அவை மண்ணில் இருந்த நிலையை விட்டுவிட்டு உருவ அழகை மட்டும் பார்ப்பதாகும். மெக்சிகோவின் லா வென்டாவில் 1955ஆம் ஆண்டு கிடைத்த, மெசோஅமெரிக்காவின் மிகப் பழைய பண்பாடுகளுள் ஒன்றான ஓல்மெக்கின் காணிக்கைத் தொகுதியில், நெட்டுக்குத்தாக நடப்பட்ட 6 பச்சைக்கல் கோடரிகளுக்கு முன்னால் 16 சிறு மனித உருவங்கள் கூடி நிற்கின்றன. அவற்றுள் ஒன்று மட்டும் வேறு வகைக் கரடுமுரடான கல்லால் ஆனது; அது கோடரிகளுக்கு முதுகு காட்டி மற்றவற்றை நோக்கி நிற்கிறது. புதைத்து நெடுங்காலம் கழித்து, உருவங்களின் தலை தெரியும் ஆழத்துக்கு மட்டும் யாரோ குழி தோண்டிப் பார்த்துவிட்டு மீண்டும் மூடியிருக்கிறார்கள். புதைத்த இடம் அவர்கள் நினைவில் இருந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஒரே ஒரு பொம்மையைத் தனியே எடுத்துப் படம் பிடித்தால் இவ்வளவும் மறைந்துவிடும்.

சிற்பங்கள் எல்லாம் மனிதர் பார்ப்பதற்கென்றே செதுக்கப்பட்டவை என்று கொள்வதும் தவறு. 1790இல் மெக்சிகோ நகரத்தின் மையச் சதுக்கத்தில் வெளிப்பட்ட, கோவாட்லிக்வே என்னும் பெண்தெய்வத்தின் சிலை இரண்டரை மீட்டருக்கும் மேல் உயரமுடையது. நிமிர்ந்து நிற்கையில் எவர் கண்ணிலும் படாத அதன் அடிப்பாகத்திலும் நிலத்தெய்வமான ட்லால்டெகுட்லியின் உருவம் முழுமையாகச் செதுக்கப்பட்டுள்ளது. அந்தப் பக்கம் மண்ணுக்கு உரியது என்றே நான் கருதுகிறேன்.

அதே ஆண்டில் அதே சதுக்கத்தில் கிடைத்த சூரியக் கல்லை 'மாயன் நாட்காட்டி' என்று குறிப்பிடுவது இன்னும் ஓயவில்லை. அது மாயா மக்களுடையதன்று; ஸ்பானியர் வந்தபோது மத்திய மெக்சிகோவை ஆண்ட ஆஸ்டெக் மக்களுடையது. 20 நாட்குறிகள் அதில் வட்டமாகச் செதுக்கப்பட்டிருந்தாலும், நாள் எண்ணிப் பார்க்கும் கருவியாக அது செய்யப்படவில்லை. ஆஸ்டெக் பேரரசுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வீழ்ந்த தெயோதிவாகன் நகரின் பிரமிடுகளை ஆஸ்டெக் கட்டடங்கள் என்று எழுதுவதும் இத்தகையதே.

பொருளின் வயதையும் அது புதைக்கப்பட்ட காலத்தையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. ஆஸ்டெக் தலைமைக் கோயிலின் காணிக்கைக் குழியொன்றில் ஓல்மெக் முகமூடி ஒன்று கிடைத்தது. அங்கே வைக்கப்பட்டபோதே அது ஈராயிரம் ஆண்டுப் பழமையை எட்டியிருந்தது. ஆஸ்டெக் மக்களும் தங்களுக்கு முந்தியோரின் பொருள்களைத் தேடி எடுத்துப் போற்றினர்.

அகழாய்வுப் பதிவே இல்லாத பொருளிடம் மிகுந்த எச்சரிக்கை தேவை. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 1897இல் வாங்கிய, படிகக்கல்லில் செதுக்கிய மண்டையோடு நெடுங்காலம் ஆஸ்டெக் படைப்பாகவே கருதப்பட்டது. அதன் மேற்பரப்பிலோ, ஐரோப்பியர் வருகைக்கு முன் மெசோஅமெரிக்காவில் அறியப்படாத, கல்லைத் தேய்த்துச் செதுக்கும் சுழல்சக்கரத்தின் தடங்கள் காணப்பட்டன.