இஸ்ரவேலுக்கு அளிக்கப்பட்ட வாக்குத்தத்தங்கள்: வேதத்தை வாசிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அப்போஸ்தலன் பவுல் எழுதிய ரோமர் நிருபத்தை வரிசையாகப் பிரசங்கிக்கத் தொடங்கும் போதகர்கள் பலர், கிறிஸ்துவின் அன்பை விட்டு எதுவும் நம்மைப் பிரிக்காது என்ற எட்டாம் அதிகாரத்தின் உச்சத்தை எட்டியதும், அடுத்த வாரமே பன்னிரண்டாம் அதிகாரத்துக்குத் தாவிவிடுகிறார்கள். இடையில் உள்ள மூன்று அதிகாரங்களும் யூதரைப் பற்றியவை, நம் சபைக்கு அவற்றால் நேரடிப் பயன் இல்லை என்ற எண்ணமே இதற்குக் காரணம். ஆனால் எட்டாம் அதிகாரத்தைக் கேட்ட எவருக்கும் எழக்கூடிய ஒரு கேள்விக்குத்தான் பவுல் அங்கே பதில் சொல்கிறார். ஆபிரகாமின் சந்ததிக்குக் கொடுத்த வாக்கைத் தேவன் கைவிட்டிருந்தால், நமக்குக் கொடுத்த வாக்கை மட்டும் காப்பார் என்று எதை வைத்து நம்புவது? இஸ்ரவேலைப் பற்றிய விவாதம், அடிப்படையில், தேவன் சொன்ன சொல் தவறாதவரா என்பதைப் பற்றிய விவாதமே. இதை மறந்து வாசிக்கும்போதுதான் கீழே சொல்லப்படும் தவறுகள் ஒவ்வொன்றாக நுழைகின்றன.

சபை இஸ்ரவேலின் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்று எண்ணுவது

இது மிகப் பழைய தவறு. ஆகவே வேரூன்றிய தவறும்கூட. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் வாழ்ந்த கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின், கிறிஸ்தவர்களே மெய்யான இஸ்ரவேல் என்று எழுதினார். கிறிஸ்துவைச் சேர்ந்தவர்கள் ஆபிரகாமின் சந்ததியார் என்று கலாத்தியர் மூன்றாம் அதிகாரம் சொல்வதால், அந்தக் கூற்றில் ஒரு பாதி உண்மை இருந்தது. ஆனால் யூதரல்லாத புறஜாதியார் உள்ளே சேர்க்கப்பட்டார்கள் என்ற நற்செய்தி, யூதர்கள் வெளியே தள்ளப்பட்டார்கள் என்ற தீர்ப்பாக மெல்ல மெல்ல மாறிப்போனது. 386-ஆம் ஆண்டு தொடங்கி அந்தியோகியாவில் யோவான் கிறிசோஸ்தோம் ஆற்றிய பிரசங்கங்களில், யூதரின் ஜெப ஆலயத்துக்குப் போய்வந்த கிறிஸ்தவர்களைத் தடுக்க வேண்டும் என்ற ஆத்திரத்தில், யூதரைப் பற்றி வாயில் வரக்கூடாத சொற்கள் வந்தன. 1523-இல் இயேசு யூதராகவே பிறந்தார் என்று நினைவூட்டி, யூதரை அன்போடு நடத்தச் சொன்ன மார்ட்டின் லூத்தர், 1543-இல் அவர்களுடைய ஜெப ஆலயங்களைக் கொளுத்த வேண்டும் என்று எழுதினார். நான்கு நூற்றாண்டுகளுக்குப் பிறகு அவருடைய நாட்டிலேயே நாஜிகள் அந்த எழுத்தை எடுத்துப் பயன்படுத்தினார்கள். 1994-இல் அமெரிக்காவின் சுவிசேஷ லூத்தரன் திருச்சபை அந்த எழுத்துக்களைப் பகிரங்கமாக நிராகரித்தது. தரங்கம்பாடி வழியாக லூத்தரன் மரபைப் பெற்ற நம் சபைகளும் இந்த வரலாற்றைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பவுல் இந்த ஆபத்தை அப்போதே கண்டிருந்தார். பேரரசன் கிலவுதியு யூதரை ரோமாபுரியிலிருந்து வெளியேற்றியதை அப்போஸ்தலர் நடபடிகள் 18-ஆம் அதிகாரம் குறிப்பிடுகிறது. அந்தப் பேரரசன் கி.பி. 54-இல் இறந்த பிறகு யூத விசுவாசிகள் திரும்பி வந்தபோது, சபை பெரும்பாலும் புறஜாதியாரின் கைக்குப் போயிருந்திருக்கும் என்று வேத அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். அந்தப் புறஜாதி விசுவாசிகளிடம்தான் பவுல் ரோமர் 11-இல் ஒலிவமரத்தைப் பற்றிப் பேசுகிறார். முறிக்கப்பட்ட கிளைகளுக்கு, அதாவது விசுவாசியாத யூதருக்கு, விரோதமாய்ப் பெருமைபாராட்டாதே என்று எச்சரித்துவிட்டு, "நீ வேரைச் சுமக்காமல், வேர் உன்னைச் சுமக்கிறதென்று நினைத்துக்கொள்" என்கிறார்.

இந்த ஒலிவமரத்தைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. நாட்டு மாங்கன்றின் தண்டில் பங்கனப்பள்ளி போன்ற நல்ல ரகத்தின் கிளையை ஒட்டுவதுதான் நம் ஊர் நாற்றங்காலில் வழக்கம். வேர் நாட்டுக்கன்றுடையது, காய்க்கும் கனி ஒட்டிய கிளையுடையது. பவுல் சொல்வது இதற்கு நேர்மாறு. நல்ல ஒலிவமரத்தில் காட்டொலிவக் கிளையை, அதாவது புறஜாதியாரை, கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். தோட்டக்காரர்கள் வழக்கமாகச் செய்யாத வேலை இது என்பதைப் பவுல் அறிந்தே எழுதினார் என்பதற்கு, "சுபாவத்துக்கு விரோதமாய்" என்று 24-ஆம் வசனத்தில் அவரே சொல்வது சாட்சி. காட்டுக்கிளை மரத்துக்கு எந்தச் சிறப்பையும் கொண்டுவரவில்லை. வேரின் சாரத்தை வாங்கித்தான் அது உயிர் வாழ்கிறது. மேலும், பழைய மரத்தை வெட்டிவிட்டுப் புது மரம் நட்டதாகப் பவுல் எங்கும் சொல்லவில்லை. மரம் ஒன்றே. முறிந்த கிளைகளையும் மீண்டும் ஒட்டவைக்கத் தேவன் வல்லவர் என்று அவர் துணிந்து எழுதுகிறார்.

பெரிய வெள்ளிப் பிரசங்கங்களில் "யூதர்கள் இயேசுவைக் கொன்றார்கள்" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுவதும் இதே தவறின் கிளைதான். 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட அறிக்கை, கிறிஸ்துவின் பாடுகளுக்கான பழியை அக்காலத்து யூதர் எல்லார் மேலும், இக்காலத்து யூதர் மேலும் சுமத்தக்கூடாது என்று அறிவித்தது. விசுவாசப் பிரமாணத்திலும் ரோம ஆளுநர் பொந்தியு பிலாத்துவின் பெயர்தான் இருக்கிறது.

ஆசீர்வாதத்தை எடுத்துக்கொண்டு சாபத்தை விட்டுவிடுவது

ஆண்டின் முதல் இரவு ஆராதனையில் கையில் கிடைக்கும் வாக்குத்தத்த அட்டையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எரேமியா 29:11, ஏசாயா 43-ஆம் அதிகாரத்தின் முதல் வசனங்கள், உபாகமம் 28-இன் தொடக்கம் ஆகியவை திரும்பத் திரும்ப வரும். உபாகமம் 28-இல் ஆசீர்வாதம் பதினான்காம் வசனத்தோடு முடிந்து, பதினைந்து முதல் அறுபத்தெட்டு வரை சாபம் வருகிறது. அந்தப் பகுதியை எந்த அச்சகமும் அட்டையில் அடிப்பதில்லை. ஆசீர்வாதம் நமக்கு, சாபம் யூதருக்கு என்று சொல்லாமலே பிரித்துக்கொண்ட வாசிப்பு இது.

அட்டை கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. கிறிஸ்துவுக்குள் தேவனுடைய வாக்குத்தத்தங்களெல்லாம் ஆமென் என்று கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபம் சொல்கிறது. ஆகையால் அவற்றில் நமக்கும் பங்கு உண்டு. ஆனால் அது உடன்பங்காளியின் பங்கு. எரேமியாவின் கடிதம் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதப்பட்டது. எழுபது ஆண்டுகள் அங்கேயே வீடு கட்டி, தோட்டம் நாட்டி, அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபிக்கச் சொன்ன கடிதம் அது. முதலில் கேட்டவர்கள் யார் என்று ஒரு வரி சொல்லிவிட்டு அந்த வசனத்தைக் கொடுத்தால், வேலை கிடைக்குமா என்று காத்திருக்கும் இளைஞனுக்கு அதன் ஆறுதல் குறையப்போவதில்லை. காத்திருப்பதற்குக் கூடுதல் பலம்தான் கிடைக்கும்.

தெரிந்துகொள்ளப்பட்டதை உயர்வு என்று புரிந்துகொள்வது

மற்ற ஜனங்களைவிடத் திரட்சியாயிருந்ததால் இஸ்ரவேலைக் கர்த்தர் தெரிந்துகொள்ளவில்லை, அவர்கள் கொஞ்சமாகவே இருந்தார்கள், அவர் அன்புகூர்ந்ததும் பிதாக்களுக்கு இட்ட ஆணையைக் காத்ததுமே காரணம் என்று உபாகமம் 7 சொல்கிறது. தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் என்பதாலேயே அவர்களுடைய அக்கிரமங்களை விசாரிப்பேன் என்கிறார் ஆமோஸ் தீர்க்கதரிசி. அவரே ஒன்பதாம் அதிகாரத்தில், இஸ்ரவேலை எகிப்திலிருந்து கொண்டுவந்தவர் பெலிஸ்தரைக் கப்தோரிலிருந்தும் சீரியரைக் கீரிலிருந்தும் கொண்டுவரவில்லையா என்று கேட்டுத் தன் ஜனத்தின் செருக்கை உடைக்கிறார். யூதரிடம் ஏதோ தனிப்பட்ட மூளையும் செல்வமும் இரத்தத்திலேயே இருப்பதாகச் சபைகளில் வியந்து பேசுவதைக் கேட்கும்போது, அது பாராட்டாகத் தோன்றினாலும், வேதத்தின் போதனை அது இல்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். இத்தகைய வியப்பு எளிதில் வெறுப்பாகத் திரும்பும் என்பதற்கு ஐரோப்பாவின் வரலாறே போதுமான சான்று.

நிலத்தைப் பற்றிய வாக்கை அரசியல் அனுமதிச் சீட்டாக்குவது

இன்று நம்மிடையே மிகுதியாகக் காணப்படும் தவறு இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. 1948 மே 14 அன்று அறிவிக்கப்பட்ட இஸ்ரேல் அரசைத் தீர்க்கதரிசன நிறைவேறுதலாகக் காணும் கிறிஸ்தவர்கள் உண்டு. வரலாற்றில் தேவனுடைய பராமரிப்பின் அடையாளமாக மட்டும் காண்பவர்களும் உண்டு. அதற்கும் வேத வாக்குத்தத்தத்துக்கும் தொடர்பே இல்லை என்பவர்களும் உண்டு. நாடு நாடாகத் துரத்தப்பட்டு, இரண்டாம் உலகப் போரில் அறுபது லட்சம் பேரைப் பறிகொடுத்த ஒரு ஜனம் இன்னும் ஜனமாக நிலைத்திருப்பதை, எரேமியா 31-இல் சூரியனையும் சந்திரனையும் சாட்சியாக வைத்துக் கர்த்தர் சொன்ன வார்த்தையை நினைக்காமல் என்னால் பார்க்க முடியவில்லை. ஆனால் இதிலிருந்து, அந்த அரசு செய்வதெல்லாம் தேவனுடைய சித்தம் என்ற முடிவுக்குப் போவது வேதத்தையே மீறுவதாகும்.

நிலத்தைப் பற்றிய வாக்கு ஆதியாகமத்தில் நிபந்தனையின்றிக் கொடுக்கப்படுகிறது என்பது உண்மை. அதே வேதம், லேவியராகமம் 25-இல், "தேசம் என்னுடையதாயிருக்கிறபடியால்" நிலத்தை அறுதியாய் விற்கவேண்டாம் என்றும், நீங்கள் என்னிடத்தில் பரதேசிகளும் புறக்குடிகளுமாய் இருக்கிறீர்கள் என்றும் இஸ்ரவேலரிடம் சொல்கிறது. உரிமை தேவனுடையது, குடியிருப்பவர்கள் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர்கள். சிறையிருப்பிலிருந்து திரும்பி வருவதைப் பற்றிப் பேசும் எசேக்கியேல் 47, அவர்கள் நடுவே பிள்ளைகளைப் பெற்று வாழும் அந்நியருக்கும் கோத்திரங்களுக்குள்ளே சுதந்தரம் கொடுக்கவேண்டும் என்று கட்டளையிடுகிறது. நாபோத் என்ற குடிமகனின் திராட்சத்தோட்டத்தை இஸ்ரவேலின் அரசன் ஆகாப் எடுத்துக்கொண்டபோது, நீ ஆபிரகாமின் சந்ததி, இது உனக்கு வாக்களிக்கப்பட்ட தேசம் என்று எலியா தீர்க்கதரிசி சமாதானம் சொல்லவில்லை.

கலிலேயாவின் வடக்கே, லெபனான் எல்லையருகே, இக்ரித் என்ற கிராமம் இருந்தது. அங்கே வாழ்ந்தவர்கள் அரபு மொழி பேசும் கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள். 1948-ஆம் ஆண்டுப் போரின்போது, கொஞ்ச காலத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லி இராணுவம் அவர்களை வெளியேற்றியது. 1951-இல் இஸ்ரேலின் உச்ச நீதிமன்றமே அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால் அதே ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் வீடுகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன, ஆலயம் மட்டும் மிஞ்சியது. பரிசுத்த பூமி யாத்திரைக்குப் போய்வரும் நம்மவர்கள், பெத்லகேமிலும் நாசரேத்திலும் வாழும் இத்தகைய அரபுக் கிறிஸ்தவச் சகோதரர்களைச் சந்திக்காமலே, கடையில் ஒலிவமரச் சிலுவை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவது வருத்தத்துக்குரியது.

ஆதியாகமம் 12:3-ஐ மேற்கோள் காட்டி, இஸ்ரேலைக் குறை சொல்பவன் சபிக்கப்படுவான் என்று மிரட்டுவோர், அதே வசனம் "பூமியிலுள்ள வம்சங்களெல்லாம் உனக்குள் ஆசீர்வதிக்கப்படும்" என்று முடிவதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். யூதாவின் அரசர்களை எரேமியாவைவிடக் கடுமையாகக் கண்டித்தவர் எவருமில்லை. அவர் தம் ஜனத்தை நேசிக்கவில்லை என்று எவரும் சொல்லமாட்டார்கள். எதிர்ப்பக்கத்திலும் ஒரு தவறு உண்டு. அரசின் செயலைக் கண்டிப்பதாகத் தொடங்கி, அந்த ஜனத்துக்கு அங்கே எந்த வேரும் இல்லை என்றும், உலகின் கேடுகளுக்கெல்லாம் யூதரே காரணம் என்றும் முடிப்பவர்கள், எலியாவின் வழியில் நடப்பவர்கள் அல்லர். பவுல் எச்சரித்த பெருமைக்காரக் கிளைகள்.

கிறிஸ்து இல்லாத தனிப்பாதை ஒன்றைக் கற்பிப்பது

பழைய வெறுப்புக்குப் பரிகாரமாக, யூதருக்கு நியாயப்பிரமாணம், புறஜாதியாருக்குக் கிறிஸ்து என்று இரண்டு வழிகளை வகுப்போரும் உண்டு. நோக்கம் நல்லது என்றாலும், தம் சகோதரருக்காகத் தாமே சபிக்கப்பட்டவராகவும் ஆயத்தமாயிருந்த பவுலின் துக்கத்தை இந்தக் கருத்து அர்த்தமற்றதாக்கிவிடுகிறது. அவர்கள் இரட்சிக்கப்பட வேண்டும் என்பதே தன் இருதயத்தின் விருப்பம் என்று ரோமர் பத்தாம் அதிகாரத்தில் அவர் எழுதுகிறார். அதே சமயம், பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ரோம் நகர யூதரைக் கட்டாயமாக உட்காரவைத்துப் பிரசங்கம் கேட்கவைத்த சபை, சாட்சி சொல்லும் தகுதியைத் தானே கெடுத்துக்கொண்டது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். யூதரிடம் வைராக்கியத்தை எழுப்பும்படி புறஜாதியாரின் வாழ்க்கை இருக்க வேண்டும் என்றுதான் பவுல் எதிர்பார்த்தார்.

காலக்கணக்குப் போடுவது

"இஸ்ரவேலரெல்லாரும் இரட்சிக்கப்படுவார்கள்" என்ற ரோமர் 11:26-ஐ, யூதரும் புறஜாதியாருமான தேவஜனம் முழுவதும் என்று சீர்திருத்தவாதி கால்வின் விளக்கினார். எல்லாக் காலத்திலும் விசுவாசிக்கும் யூதர்கள் என்று சிலரும், கடைசி நாட்களில் அந்த ஜனம் திரளாகக் கிறிஸ்துவிடம் திரும்புவது என்று வேறு பலரும் கொள்கிறார்கள். முன்பின் வசனங்களில் இஸ்ரவேல் என்றால் யூத ஜனமே என்பதால், நான் மூன்றாவது விளக்கத்தின் பக்கம் சாய்கிறேன். எப்போது, எப்படி என்பதைப் பவுல் இரகசியம் என்றே அழைக்கிறார்.

இருந்தும் கணக்குகள் ஓயவில்லை. இயேசு உவமையில் சொன்ன அத்திமரம் துளிர்த்தது 1948-இல், ஒரு சந்ததிக்கு நாற்பது ஆண்டு, ஆகவே கிறிஸ்துவின் வருகை 1988-க்குள் என்று கணக்கிட்டவர்கள் இருந்தார்கள். அந்த ஆண்டு கடந்தபின் தொடக்கத்தை ஆறு நாள் போர் நடந்த 1967-க்கு மாற்றியவர்களும் இருந்தார்கள். உயிர்த்தெழுந்த ஆண்டவரிடம் சீஷர்கள், இக்காலத்திலா ராஜ்யத்தை இஸ்ரவேலுக்குத் திரும்பக் கொடுப்பீர் என்று கேட்டதை அப்போஸ்தலர் நடபடிகள் முதல் அதிகாரம் பதிவு செய்கிறது. இஸ்ரவேலுக்கு இனி ராஜ்யமே இல்லை என்று அவர் அந்தக் கேள்வியைத் தள்ளிவிடவில்லை. காலங்களையும் வேளைகளையும் அறிவது உங்களுக்கு அடுத்ததல்ல என்று மட்டும் சொல்லி, சாட்சிகளாக இருக்கும்படி எருசலேமிலிருந்து பூமியின் கடைசிபரியந்தமும் அவர்களை அனுப்பினார்.