போடிமெட்டோடு முடிந்துபோன வரைபடம்

தேனியிலிருந்து சூரியநெல்லிக்குப் புறப்பட்டபோது, இணையம் இல்லாமலும் வழிகாட்டும் ஆர்கானிக் மேப்ஸ் செயலியில் தமிழ்நாட்டு வரைபடத்தை இறக்கி வைத்துவிட்ட தெம்பில் இருந்தேன். கேரள எல்லையிலுள்ள போடிமெட்டு வரை எல்லாம் சரி. சோதனைச் சாவடியைத் தாண்டியதும் அம்புக்குறி மட்டும் வெற்றிடத்தில் நகர்ந்துகொண்டிருந்தது. கேரளத்துக்குத் தனிக் கோப்பு இறக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. சிக்னலும் இல்லை.

எல்லை தாண்டுகிறவர்கள் இரு பக்கத்து வரைபடத்தையும் இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு வீட்டிலேயே ஃப்ளைட் மோடு போட்டு, போகிற ஊரைத் தேடி, வழி வருகிறதா என்று பாருங்கள். பலரும் சோம்பல்படுவது இதற்குத்தான்.

அடுத்த தவறு, அவசரம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் சொல்வதை ஃபோன் கேட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான்; பதிலுக்கு எதுவும் அனுப்புவதில்லை. அதனால் சிம் இல்லாமலும் இடம் காட்டும். ஆனால் எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற விவரத்தை, இணையம் இருந்தால் ஃபோன் நொடியில் வாங்கிவிடும். இல்லையென்றால் வானத்திலிருந்தே வாங்க வேண்டும். அதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கலாம். மரநிழலில் நின்றுகொண்டு செயலியைத் திட்டாமல் வெட்டவெளிக்கு வந்து காத்திருங்கள்.

தனியுரிமை விஷயத்தில் நடக்கும் தவறு கொஞ்சம் நுட்பமானது. ஆர்கானிக் மேப்ஸ், அதைப் போன்ற இன்னொரு செயலியான ஆஸ்மாண்ட் இரண்டும், தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற வரைபடத்தின் தரவில் இயங்குபவை. கணக்குத் தொடங்காமலே பயன்படுத்தலாம். அதோடு நிம்மதியாகிவிடுகிறோம். ஆனால் ஆண்ட்ராய்டு அமைப்புகளில் 'இருப்பிடத் துல்லியம்' என்று ஒன்று இருக்கிறது. அது இயங்கினால், சுற்றியுள்ள வைஃபை, செல் கோபுர விவரங்களைக் கூகுளுக்கு அனுப்பி இடத்தைக் கணிக்கும். ஆளில்லாத மலையில் அதனால் பெரிய லாபமில்லை, அணைத்துவிடலாம்.

நடந்த தடத்தைப் பதிவுசெய்து நண்பர்களுக்கு அனுப்பும் ஆசையும் அப்படித்தான். வீட்டு வாசலில் பதிவைத் தொடங்கி அங்கேயே முடித்தால், கேட்காமலே முகவரியைக் கொடுத்துவிடுகிறோம். ஓட்டத் தடங்களைச் சேர்த்து ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலி வெளியிட்ட உலக வரைபடத்தில், சிரியாவிலும் ஆப்கானிஸ்தானிலும் இருந்த ராணுவ முகாம்கள் பளிச்சென்று தெரிந்தது 2018 தொடக்கத்தில் செய்தியானது. ராணுவத்துக்கே அந்தக் கதி. பதிவைப் பஸ் நிலையத்தில் தொடங்குங்கள், அல்லது அனுப்பும் முன் இரு முனைகளையும் வெட்டிவிடுங்கள்.

மலையேறுகிறவர்களுக்கு இரண்டு சொல்ல வேண்டும். ஆஸ்மாண்டில் உயரக் கோடுகள் தனிக் கோப்பு. அதை மறந்தால் செங்குத்து ஏற்றமும் சமதரையும் திரையில் ஒன்றுபோலவே இருக்கும். இன்னொன்று, வரைபடத்தில் புள்ளிக்கோடு இருப்பதாலேயே நடக்க அனுமதி உண்டென்று நினைப்பது. வெள்ளியங்கிரிப் பாதை வரைபடத்தில் வருடம் முழுக்க இருக்கும். வனத்துறை பக்தர்களை மேலே விடுவதோ பிப்ரவரி முதல் மே வரை.

பவர் பேங்க் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

அன்று என்னைச் சூரியநெல்லி சேர்த்தது, பூப்பாறையில் ஒரு தேநீர்க் கடைக்காரர் பழைய ரசீதின் பின்பக்கத்தில் போட்டுக்கொடுத்த மூன்று கோடுகள். அந்தத் தாள் இன்னும் பர்ஸில் இருக்கிறது.