மறுப்பு வந்தது, வேலை போனது

2018இல் கடலூர் உப்பனாற்றில் மீன் செத்து மிதந்ததாக, நான் வேலை பார்த்த பத்திரிகையில் எழுதினேன். மறுப்புக் கடிதம் வந்ததும், ‘நாளையிலிருந்து வராதீங்க’ என்று போனிலேயே முடித்துவிட்டார்கள். ராஜினாமா கேட்டார்கள், நல்லவேளை, எழுதித் தரவில்லை.

மஞ்சக்குப்பத்து வக்கீல் அண்ணன்தான் வழி சொன்னார். அப்போது 1955ஆம் ஆண்டு உழைக்கும் பத்திரிகையாளர் சட்டப்படி பத்திரிகையாளருக்கும் தொழில் தகராறு சட்டம் பொருந்தியது. தொழில் தகராறு சட்டத்தின் 2ஏ பிரிவில், வேலைநீக்கப்பட்டவர் சங்கம் இல்லாமல் தனியாளாகவே தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு கொடுக்க முடிந்தது. 45 நாளில் முடியாவிட்டால் நேரே தொழிலாளர் நீதிமன்றம் போகலாம் என்றிருந்தது. (2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது, இப்போது போகிறவர்கள் பிரிவையும் காலக்கெடுவையும் கேட்டுக்கொள்ளுங்கள்.)

செய்தி சரியா தவறா என்று அங்கே நான் மல்லுக்கட்டவில்லை. விளக்கம் கேட்காமல், விசாரணை வைக்காமல் நீக்கியதைத்தான் பிடித்துக்கொண்டேன். சம்பளச் சீட்டோடு, ஆற்றுத் தண்ணீர் பட்டு மை கலைந்திருந்த என் குறிப்பு நோட்டையும் வைத்தேன். மூன்றாவது அமர்வில் இறங்கி வந்தார்கள்: பாக்கிச் சம்பளம், பணிக்கொடை, அனுபவச் சான்று. அந்த வேலைக்குத் திரும்பிப் போக எனக்கே மனமில்லை.