முகம் அப்புறம், முதலில் தரை

மாதாவின் முகத்தை வரையப்போய் மனம் உடைந்தவர்களுக்கான பாடம் இது. மூன்று ஞானிகள் குழந்தை இயேசுவை வணங்கும் பீடப்படத்தை, 1481இல் பிளாரன்ஸ் அருகே ஒரு மடத்துக்காக வரைய ஒப்புக்கொண்டார் லியனார்டோ டா வின்சி. முடிக்காமலே மிலனுக்குப் போய்விட்டார். அதற்காக அவர் போட்ட மைச்சித்திரம் ஒன்று பிளாரன்ஸின் உஃபிட்ஸி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இடிந்த மண்டபம், படிக்கட்டு, திமிறும் குதிரைகள், மண்டியிட்ட ஒட்டகம் எல்லாம் உண்டு. மாதாவும் குழந்தையும் இல்லை. தரையோ கட்டம் கட்டமாக அளந்து போட்டது. நாமும் அதையே போடுவோம்.

1. மை. அக்கால ஐரோப்பாவில் பரவலாகப் புழங்கிய மைக்குரிய சரக்கு நம் நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும்: மாசிக்காய் 3 பங்கு, அன்னபேதி (இரும்பு உப்பு) 2, கருவேலம் பிசின் 1. மாசிக்காயை இடித்துக் கண்ணாடிப் புட்டியில் இரண்டு நாள் ஊறவைத்து வடிகட்டுங்கள். அன்னபேதியைப் போட்டதும் பழுப்பு நீர் சட்டென்று கறுக்கும். எனக்கு இன்னும் அலுக்காத காட்சி. கடைசியில் பிசின். எழுதும்போது வெளிறித் தெரிந்தால் பயப்படாதீர்கள், காற்றுப் பட்டுக் கறுக்கும். விரலில் பட்டால்தான் எளிதில் போகாது.

2. கோடு. கெட்டித் தாளில், எழுதாத பால்பாயின்ட் முனையால் அழுத்திக் கீறுங்கள். லியனார்டோ உலோக முனையால் கீறிவிட்டுத்தான் மைக்கு வந்தார். மேலே அடிவானக் கோடு. அதன் நடுவுக்குச் சற்று வலப்புறம் மறைபுள்ளி, அதாவது தூரம் போகும் கோடுகளெல்லாம் போய்ச் சேரும் புள்ளி. தாளின் அடியில் ஒரு கோடு போட்டு, சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து, எல்லாவற்றையும் மறைபுள்ளியோடு இணையுங்கள். பிறகு அடிக்கோட்டின் வலது மூலையிலிருந்து அடிவானத்தின் இடக்கோடிக்கு ஒரே சாய்கோடு. அது வெட்டும் ஒவ்வோர் இடத்திலும் கிடைக்கோடு. தரை முடிந்தது.

சரிதானா என்று பார்க்க, இத்தாலியக் கட்டடக் கலைஞர் ஆல்பெர்ட்டி, ஓவியம் பற்றிய தம் நூலில் 1435இல் எழுதிவைத்த சோதனை போதும்: அடுத்தடுத்த கட்டங்களை மூலைக்கு மூலை இணைத்தால் கோணாமல் ஒரே கோடாக ஓட வேண்டும்.

3. மையிடுதல். தொட்டு எழுதும் பேனா போதும். ஸ்கேலைத் தாளோடு ஒட்டவைத்தால் மை அடியில் புகுந்து ஈஷிக்கொள்ளும். இரண்டு காசுகளை அடியில் ஒட்டித் தூக்கிவையுங்கள்.

4. உருவங்கள். ஸ்கேலை எறிந்துவிட்டு வேகமாகக் கிறுக்குங்கள். தரைக்கோடு உடலை ஊடுருவித் தெரிந்தால் தெரியட்டும், லியனார்டோவின் தாளிலும் அப்படித்தான். நிழலுக்கு நீர் கலந்த மையைத் தூரிகையால் தடவுங்கள்.

ஒட்டகம் கடைசியில். என்னுடையது எருமையாக வந்திருக்கிறது. ஆனால் தரையில் சரியாக உட்கார்ந்திருக்கிறது.