சரிவான காணியில் தனியாளாகக் கராஜுக்குச் சதுரம் பார்த்தல்

என் வீட்டின் பின்பக்கம் நான் முதலில் போட்ட கொட்டகையின் கோணல், கூரைத் தகரம் ஏற்றிய நாளில்தான் கண்ணுக்குத் தெரிந்தது. தகரத்தின் விளிம்பு ஒரு மூலையில் சுவரைத் தாண்டி ஓரங்குலம் நீண்டிருக்க, மறு மூலைக்குப் போகப்போக அது ஐந்து அங்குலமாகிவிட்டது. அளந்தது நான்தான், டேப்பிலும் பிழையில்லை. சரிவான தரையோடு டேப்பைப் படுக்கவைத்து அளந்ததே தவறு.

சமதரையில் கட்டுபவர் முதலில் சதுரத்தையும் (நான்கு மூலைகளும் செங்கோணமாக இருப்பதையும்) பிறகு மட்டத்தையும் பார்க்கலாம். மலையில் இந்த வரிசையைத் திருப்பிக்கொள்ள வேண்டும். 20 அடி நீளத்தில் தரை 4 அடி இறங்குமானால், தரையோடு அளந்த 20 அடி கிடைமட்டத்தில் 19 அடி 7 அங்குலம் மட்டுமே. இரு பக்கங்களிலும் சரிவு ஒரே அளவில் இருந்தாலாவது பின்சுவர் நேராக வரும்; ஆனால் நம் காணிகளில் சரிவு ஒருபோதும் அப்படி ஒழுங்காக இருப்பதில்லை.

மண்ணைத் தொடுமுன் பிரதேச சபையில் அனுமதியையும், வீதியிலிருந்து விட வேண்டிய தூரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசும் தேவைப்படும். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை அறிந்த எவரும் இதை வெறும் கடதாசி வேலையென்று எண்ணமாட்டார்.

இங்கே 12 அடி அகலமும் 20 அடி நீளமும் கொண்ட கராஜை எடுத்துக்கொள்கிறேன். அது 240 சதுர அடி. 7 பேர்ச் காணியில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கை விழுங்கிவிடும் என்பதால், முன்கோட்டை எங்கே வைப்பது என்பதை ஒரு முழு நாள் யோசித்தாலும் தகும். 25 அடிக்குக் குறையாத இரண்டு டேப்புகள், முளைக்கட்டைகள், சில பலகைத் துண்டுகள், ஆணி, நைலோன் நூல், தூக்குக்குண்டு, ஒரு வாளி, கண்ணாடிபோல் தெளிவான நீண்ட பிளாஸ்டிக் குழாய் ஆகியவை போதும். நைலோன் நூல் இழுபடும் என்பதால் அதைக் கோடு காட்ட மட்டும் வைத்துக்கொண்டு, அளக்கப் பயன்படுத்தாதீர்கள். இரண்டாவது டேப் இல்லாதவர் கட்டுக்கம்பியில் ஒரு முனையை வளையமாக்கி, வேண்டிய நீளத்துக்கு வெட்டிக்கொள்ளலாம்.

முதல் வேலை மட்டம். இரண்டு பேர் குழாயின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு கத்திப் பேசும் வழக்கமான முறை தனியாளுக்குச் சரிவராது. வாளியை மேட்டுப்பக்க மூலையில் ஒரு கல்லின்மேல் அசையாமல் வைத்து நீர் நிரப்பி, குழாயின் ஒரு முனையில் சிறு கல்லைக் கட்டி உள்ளே அமிழ்த்துங்கள். மறு முனையைத் தாழ்த்தி நீரை உறிஞ்சி வரவழைத்து, காற்றுக் குமிழ்கள் எல்லாம் வெளியேறிய பின் உயர்த்திப் பிடித்தால், வாளியின் நீர்மட்டம் எதுவோ அதே மட்டத்தில் குழாய்நீரும் நிற்கும். அந்த முனையை விரலால் மூடி எடுத்துச் சென்று, ஒவ்வொரு மூலையிலும் முளையோடு சேர்த்துப் பிடித்து, விரலை எடுத்து நீர் ஆடி அடங்கியபின் பென்சிலால் குறியிடுங்கள். குழாயில் ஒரு குமிழ் மிஞ்சியிருந்தாலும் குறி பொய் சொல்லும்.

முன்பக்க மூலைகள் இரண்டுக்கும் ஒவ்வொரு முளை போதும். பின்பக்க மூலைகளில் மட்டும் இரண்டிரண்டு முளைகளை அடித்து, மேலே ஓரடிப் பலகையைப் படுக்கையாக அறைந்துவிடுங்கள். ஆணி எங்கே விழும் என்பது இன்னும் தெரியாததால் இடம் வேண்டும். முளைகளின் தலையும் பலகையின் மேற்பரப்பும் ஒரே மட்டத்தில் அமைய வேண்டும். பள்ளத்துப் பக்கம் நான்கு அடிக்கு மேல் நீட்டி நிற்கும் கட்டைகளுக்குச் சாய்வாக முட்டுக்கொடுக்காவிட்டால், டேப்பை இழுக்கும்போது அவையும் கூடவே வரும். சரிவு அதைவிடக் கூடுதலானால் முதலில் மண்ணை வெட்டி இறக்குவதே உத்தமம்.

இனிச் சதுரம். பக்கங்கள் 3, 4, 5 அடியான முக்கோணத்தால் செங்கோணம் பிடிக்கும் 3-4-5 கணக்கு எல்லா மேசன் பாஸ்மாருக்கும் தெரியும். ஆயினும் 4 அடியில் நேரும் கால் அங்குலப் பிழை 20 அடியில் ஒன்றேகால் அங்குலமாக வளரும் என்பதால், மூலைவிட்டத்தையே நேரடியாகப் பயன்படுத்துவதை நான் விரும்புகிறேன். 12-க்கு 20 அடிச் செவ்வகத்தின் மூலைவிட்டம் 23 அடி 3⅞ அங்குலம். முன்முளைகளில் சரியாக 12 அடி இடைவெளியில் இரண்டு ஆணிகளை அடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு டேப்பின் கொக்கியை மாட்டுங்கள். இடதுபுறப் பின்பலகைக்குச் சென்று, இடது ஆணியிலிருந்து வரும் டேப்பில் 20 அடியும், வலது ஆணியிலிருந்து வரும் டேப்பில் 23 அடி 3⅞ அங்குலமும் ஒன்றையொன்று வெட்டும் புள்ளியைக் குறித்து ஆணி அடியுங்கள். இரண்டு டேப்பும் விறைப்பாக இருக்க வேண்டும். காற்று வீசும் மாலையில் அவை படபடத்து உங்களை ஏமாற்றும். வலது பலகையிலும் இதையே மாற்றிச் செய்த பின், பின் ஆணிகள் இரண்டுக்கும் இடையே அளந்து பாருங்கள். 12 அடி வந்தால் வேலை சரி. வராவிட்டால் ஆணிகளைத் தள்ளிச் சமாளிக்காமல் மட்டத்தை மறுபடி பாருங்கள், பிழை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அத்திவாரம் வெட்டும்போது இந்த மூலைகள் போய்விடும். ஆகவே நான்கு பக்கக் கோடுகளையும் மூலைகளுக்கு வெளியே மூன்று அடி நீட்டி, அங்கே முளைகளில் குறுக்குப் பலகைகளை அறைந்து, நூல் விழும் இடத்தில் வாளால் சிறு வெட்டு விட வேண்டும். நூலைக் கழற்றி மம்பட்டி போடலாம். வேண்டியபோது அதே வெட்டில் மாட்டலாம். மாட்டிய நூல்கள் சந்திக்கும் மூலைகளுக்கிடையே மூலைவிட்டங்களை ஒரே டேப்பால் அளந்து பாருங்கள். கால் அங்குல வித்தியாசம் கராஜுக்குப் பொருட்டல்ல. எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருந்து, மூலைவிட்டங்கள் மட்டும் இரண்டு அங்குலம் வேறுபட்டால், பின்மூலைகள் இரண்டையும், நீண்ட மூலைவிட்டம் குறையும் திசையில், அகலவாக்கில் இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக நகர்த்தினால் சரியாகும்.

நூல்கள் வெட்டும் இடத்திலிருந்து தூக்குக்குண்டை இறக்கினால் மூலை தரையில் கிடைத்துவிடும். அடுப்புச் சாம்பலால் கோட்டைப் போட்டு உடனே வெட்டத் தொடங்குங்கள். ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்தவருக்கு ஜனவரி முதல் மார்ச் வரை இதற்கு உகந்த காலம். இரவில் மழை பெய்தால் சாம்பலும் போய்விடும், ஈரமண்ணில் முளைகளும் இளகிவிடும்; காலையில் மூலைவிட்டங்களை மறுபடி அளந்த பிறகே மம்பட்டியைக் கையில் எடுக்க வேண்டும்.