அமைதிப்படை வெளிநாடு போகும்போது உள்ளூர்க் காவலை எப்படிக் கணக்குப் பார்ப்பது?

ஒரு நாடு அமைதிப்படை அனுப்புகிறது என்று செய்தி வந்ததும் எல்லோரும் எண்ணிக்கையைத்தான் பார்க்கிறோம். அதைவிட, கிளம்புகிறவர்கள் ஊரில் என்ன வேலை செய்துகொண்டிருந்தார்கள் என்று முதலில் தேடுங்கள். கென்யாவையே எடுத்துக்கொள்வோம். 2023 ஜூலையில், ஆயுதக் கும்பல்களிடம் சிக்கித் தவித்த கரீபியன் நாடான ஹைதிக்கு 1,000 போலீசாரை அனுப்பத் தயார் என்றது. சுமார் ஒரு லட்சம் பேர் உள்ள போலீசில் இது நூற்றுக்கு ஒன்று, பெரிதாகத் தெரியாது. ஆனால் போனவர்கள் சாதாரண ஸ்டேஷன் போலீசார் இல்லை. சோமாலியா எல்லையில் அல்-ஷபாப் என்ற தீவிரவாத அமைப்பை எதிர்கொள்ளும் எல்லைப் பிரிவு, கலவரத்தை அடக்க இறங்கும் பிரிவு, கால்நடைக் கொள்ளையைத் தடுக்கும் தனிப்பிரிவு என்று பொறுக்கி எடுத்தவர்கள். அதே 2023 பிப்ரவரியில்தான் வடமேற்கில் கால்நடைக் கொள்ளையரை அடக்கப் போலீஸ் போதாமல் ராணுவத்தையும் இறக்கியிருந்தார்கள். இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் உண்மையான விலை தெரியும்.

அப்புறம், அனுப்பும் ஆட்களின் எண்ணிக்கையை மூன்றால் பெருக்குங்கள். ஒருவர் வெளிநாட்டில் நிற்கும்போது அடுத்துப் போகிறவர் பயிற்சியில் இருப்பார், திரும்பியவர் ஓய்வில் இருப்பார். இது படைகளில் வழக்கமான கணக்கு.

சட்டம் இடம் கொடுக்கிறதா என்று பாருங்கள். 2024 ஜனவரியில் கென்ய உயர் நீதிமன்றம், ராணுவத்தை வெளிநாட்டுக்கு அனுப்பலாம், போலீசை அனுப்ப இரு நாட்டு ஒப்பந்தம் வேண்டும் என்று தடுத்தது. மார்ச்சில் ஒப்பந்தம் போட்டுவிட்டுத்தான் அனுப்பினார்கள்.

செலவு யாருடையது? ஐ.நா.வே நடத்தும் பணி என்றால் ஆளுக்கு மாதம் 1,400 டாலருக்கு மேல் அந்த நாட்டு அரசுக்கு வரும், கொண்டுபோகும் வண்டிக்கும் கருவிக்கும் தனியாகப் பணம் உண்டு. ஹைதி பணி அப்படியில்லை. பாதுகாப்பு சபை 2023 அக்டோபரில் அனுமதி மட்டும் தந்தது, பணம் மற்ற நாடுகள் விரும்பிக் கொடுத்தால்தான். 2,500 பேர் என்று திட்டமிட்ட படை கடைசிவரை சுமார் 1,000 பேரோடு நின்றதற்கு அது ஒரு காரணம்.

அடுத்தது, உள்ளூரில் மோசமான நாள் ஒன்று வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். 2024 ஜூன் 25, கென்யாவின் முதல் அணி ஹைதித் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்சில் இறங்கிய அதே நாள், நைரோபியில் வரி மசோதாவை எதிர்த்த இளைஞர்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்தார்கள். போலீஸ் சுட்டதில் பலர் செத்தார்கள், ராணுவத்தைக் கூப்பிட்டார்கள். அந்த அணி ஊரில் இருந்திருந்தால் நிலைமை மாறியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. சொந்த மக்களைச் சுடும் போலீசை இன்னொரு ஊரின் அமைதிக்கு அனுப்புவது சரியா என்பதுதான் என்னை உறுத்துகிறது. ஹைதி மக்களுக்கு உதவி கட்டாயம் வேண்டும், கும்பல்களிடம் அவர்கள் படும் பாடு கொஞ்சமல்ல. அதற்காகவே, போகிறவர்கள் சொந்த நாட்டில் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதையும் கேளுங்கள்.

கடைசியாக, திரும்பி வரும் வழி. 2013-ல் நைஜீரியா இன்னொரு மேற்கு ஆப்பிரிக்க நாடான மாலிக்குப் படை அனுப்பியது. மே மாதம் போகோ ஹராம் என்ற தீவிரவாத அமைப்பால் நைஜீரியாவின் வடகிழக்கில் மூன்று மாநிலங்களில் அவசரநிலை, ஜூலையில் மாலியிலிருந்த படையில் பெரும்பகுதியை வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டது. அவர்கள் விட்ட இடத்தை மாலியில் யாரோ அவசரமாக நிரப்ப வேண்டியிருந்தது. எது நடந்தால், எத்தனை நாளில் திரும்ப அழைப்போம் என்று அனுப்பும் உத்தரவிலேயே எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால், படை விமானம் ஏறும் முன்பே உங்கள் எம்.பி.யிடம் கேளுங்கள்.