கன்டெய்னர் வழியே ஒரு பிஹெச்பி சூழல்: சொந்தக் கணினியில் அமைப்பதற்கான செய்முறை

ஒரே கணினியில் இரண்டு இணையத்தளங்களை உருவாக்குகிறவருக்கு விரைவிலேயே ஒரு நெருக்கடி வருகிறது. பழைய தளம் பிஹெச்பி என்னும் நிரல்மொழியின் 7.4 பதிப்பில் மட்டும் ஓடுகிறது, புதிய தளத்துக்கு 8.3 வேண்டும், ஒன்றுக்காக மாற்றிய அமைப்பு மற்றதைக் கெடுத்துவிடுகிறது. அப்பாச்சி என்னும் வெப் சர்வரையும் தரவுத்தளத்தையும் கணினியில் நேரடியாக நிறுவிக்கொண்டால் இதற்கு எளிய தீர்வு கிடையாது. ஒவ்வொரு தளத்துக்கும் வேண்டிய மென்பொருள்களைத் தனிக் கன்டெய்னர்களில் வைத்து, அவற்றின் விவரம் முழுவதையும் ஒரு கோப்பில் எழுதி, அக்கோப்பையும் நிரலோடு சேர்த்துச் சேமித்து வைப்பதே இங்கே காட்டப்படும் வழி.

புதியவர்கள் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது ஒன்று உண்டு. கன்டெய்னர் எந்த நேரமும் அழித்துவிட்டு மறுபடி உருவாக்கத்தக்க பொருள். ஆகவே எது அழியும், எது நிற்கும் என்ற கேள்வியை ஒவ்வொரு படியிலும் கேட்டுக்கொண்டே சென்றால், கன்டெய்னர்களை உருவாக்கி ஓட்டும் டாக்கர் என்னும் மென்பொருளின் கட்டளைகளில் பெரும்பாலானவை தாமாகவே விளங்கிவிடும்.

கீழே வரும் கட்டளைகளும் கோப்பு வரிகளும் ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. டெர்மினலிலும் கோப்புகளிலும் அவற்றை ஆங்கில எழுத்துகளில் உள்ளிட வேண்டும்.

கன்டெய்னர் என்பது என்ன

கன்டெய்னர் தனிக் கணினி அன்று. லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலின் மேல் ஓடும் சாதாரணப் புரோசஸ்தான் (இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்). நேம்ஸ்பேஸ் என்னும் கெர்னல் வசதி, அந்தப் புரோசஸுக்குத் தனிக் கோப்பமைப்பும் தனி நெட்வொர்க்கும் இருப்பதுபோல் காட்டுகிறது; சிகுரூப் என்னும் வசதி, அது எவ்வளவு நினைவகமும் சிபியு நேரமும் எடுத்துக்கொள்ளலாம் என்று வரையறுக்கிறது. இவ்விரண்டும் முன்பே லினக்ஸில் இருந்தவை. 2013-இல் வெளிவந்த டாக்கர், அவற்றை எவரும் கையாளத்தக்க சில கட்டளைகளாகச் சுருக்கித் தந்தது. விண்டோஸிலும் மேக்கிலும் லினக்ஸ் கெர்னல் இல்லாததால், டாக்கர் டெஸ்க்டாப் பின்னணியில் ஒரு லினக்ஸ் மெய்நிகர் இயந்திரத்தை ஓட்டி, அதற்குள்ளே கன்டெய்னர்களை வைக்கிறது.

இமேஜ் என்பது மாறாத மூலப் பிரதி. அதன் மேல் எழுதத்தக்க ஒரு மெல்லிய அடுக்கைச் சேர்த்து ஓட்டினால் அது கன்டெய்னர் ஆகிறது. கன்டெய்னரை நீக்கும்போது அந்த அடுக்கும், அதில் எழுதப்பட்ட அனைத்தும் போய்விடுகின்றன. இமேஜ் அப்படியே இருக்கிறது.

படி 1: டாக்கரை நிறுவுதல்

விண்டோஸிலும் மேக்கிலும் டாக்கர் டெஸ்க்டாப்பை நிறுவினால் போதும். பல கன்டெய்னர்களை ஒரே கோப்பிலிருந்து இயக்கும் கம்போஸ் என்னும் கருவி அதனுடனே வருகிறது. விண்டோஸில், அதற்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 வசதி இயக்கப்பட்டிருக்க வேண்டும். கணினியின் தொடக்க அமைப்பான பயாஸில், மெய்நிகர் இயந்திரங்களை ஓட்ட உதவும் விர்ச்சுவலைசேஷன் வசதி அணைக்கப்பட்டிருந்தால் டாக்கர் தொடங்காது. லினக்ஸில் டாக்கர் எஞ்சினையும் கம்போஸ் பிளகினையும் டாக்கரின் அதிகாரபூர்வ ரெப்போசிட்டரியிலிருந்து நிறுவுவது நல்லது. அங்கே ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் சூடோ (நிர்வாகி உரிமையோடு ஓட்டும் சொல்) போடாமலிருக்க, பயனரை டாக்கர் என்னும் குழுவில் சேர்ப்பது வழக்கம். அந்தக் குழுவில் இருப்பவருக்கு ரூட் பயனருக்கு நிகரான அதிகாரம் கிடைத்துவிடுகிறது என்பதால், பலர் பகிர்ந்துகொள்ளும் கணினியில் இதைச் செய்யாதீர்கள்.

நிறுவிய பின் டாக்கர் ரன் ஹலோ-வேர்ல்ட் என்று உள்ளிட்டு, வாழ்த்துச் செய்தி வருகிறதா என்று பாருங்கள். அடுத்து டாக்கர் கம்போஸ் வெர்ஷன். பழைய விளக்கங்களில் இரு சொற்களுக்கும் நடுவே ஹைஃபன் போட்டு எழுதும் டாக்கர்-கம்போஸ் என்ற கட்டளையைக் காண்பீர்கள். அது முதல் பதிப்புக்கு உரியது, அதற்கான ஆதரவு 2023-இல் நிறுத்தப்பட்டுவிட்டது.

படி 2: கோப்புறை

திட்டத்துக்கு ஒரு கோப்புறையை உருவாக்கி, அதற்குள் சோர்ஸ் என்ற உள்கோப்புறையை வையுங்கள். நிரல் முழுவதும் அதில்தான் இருக்கும். விண்டோஸ் பயனர்கள் இதைச் சி டிரைவில் வைக்காமல், டபிள்யூஎஸ்எல்லுக்குள் இருக்கும் லினக்ஸின் ஹோம் கோப்புறையில் வைக்க வேண்டும். சி டிரைவில் வைத்தால், ஒவ்வொரு கோப்பைப் படிக்கும்போதும் கோரிக்கை மெய்நிகர் இயந்திரத்தின் எல்லையைக் கடந்து சென்று திரும்ப வேண்டியிருக்கிறது. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைக் கொண்ட பிஹெச்பி பிரேம்வொர்க்குகளில் இது பக்கத்துக்குப் பக்கம் கண்கூடான தாமதமாகத் தெரியும். டாக்கரே மெதுவானது என்று பலர் சலித்துக்கொள்வதற்கு இதுவே அடிக்கடி காரணமாக இருக்கிறது.

படி 3: டாக்கர்ஃபைல்

திட்டக் கோப்புறையில் டாக்கர்ஃபைல் என்ற பெயரில், எக்ஸ்டென்ஷன் இல்லாமல், ஒரு கோப்பை உருவாக்கி இந்த இரண்டு வரிகளை எழுதுங்கள்:

ஃப்ரம் பிஹெச்பி:8.3-அப்பாச்சி
ரன் டாக்கர்-பிஹெச்பி-எக்ஸ்ட்-இன்ஸ்டால் பிடிஓ_மைஎஸ்க்யூஎல்

முதல் வரி, பிஹெச்பியும் அப்பாச்சியும் சேர்ந்த அதிகாரபூர்வ இமேஜை அடிப்படையாகக் கொள்கிறது. அந்த இமேஜில் மைஎஸ்க்யூஎல் வகைத் தரவுத்தளங்களுடன் பேசும் நீட்சி கிடையாது. இரண்டாம் வரி அதைச் சேர்க்கிறது. இமேஜ் பெயருக்குப் பின் பதிப்பெண்ணைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். அதை விட்டுவிட்டால் லேட்டஸ்ட் என்ற டேக் எடுத்துக்கொள்ளப்படும். அது காலப்போக்கில் வேறு வேறு பதிப்புகளைச் சுட்டுவதால், இருவர் கணினிகளில் இரு வேறு சூழல்கள் அமைந்துவிடும்.

படி 4: கம்போஸ் கோப்பு

அதே கோப்புறையில் கம்போஸ்.யாம்ல் என்ற கோப்பை உருவாக்குங்கள். அதன் உள்ளடக்கம் (இதில் வரும் மரியாடிபி, மைஎஸ்க்யூஎல் வகைத் தரவுத்தளம்):

சர்வீசஸ்:
  வெப்:
    பில்ட்: .
    போர்ட்ஸ்:
      - "127.0.0.1:8080:80"
    வால்யூம்ஸ்:
      - ./சோர்ஸ்:/வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ/ஹெச்டிஎம்எல்
    டிபெண்ட்ஸ்_ஆன்:
      டிபி:
        கண்டிஷன்: சர்வீஸ்_ஹெல்தி
  டிபி:
    இமேஜ்: மரியாடிபி:11.4
    என்விரான்மென்ட்:
      மரியாடிபி_ரூட்_பாஸ்வேர்ட்: டெவ்பாஸ்
      மரியாடிபி_டேட்டாபேஸ்: பிளாக்
    வால்யூம்ஸ்:
      - டிபிடேட்டா:/வார்/லிப்/மைஎஸ்க்யூஎல்
    ஹெல்த்செக்:
      டெஸ்ட்: ["சிஎம்டி", "ஹெல்த்செக்.எஸ்ஹெச்", "--கனெக்ட்", "--இன்னோடிபி_இனிஷியலைஸ்ட்"]
      இன்டர்வல்: 10எஸ்
      ரீட்ரைஸ்: 5
வால்யூம்ஸ்:
  டிபிடேட்டா:

யாம்லில் உள்தள்ளல்தான் இலக்கணம். இடைவெளி விசையை மட்டும் பயன்படுத்துங்கள். டேப் விசை பிழையில் முடியும். என்விரான்மென்ட் பகுதியில் உள்ள இரண்டு மாறிப் பெயர்களையும், டெஸ்ட் வரியிலுள்ள சிஎம்டியையும் ஆங்கிலப் பேரெழுத்துகளில் எழுத வேண்டும்.

போர்ட் வரியில் இடப்பக்க எண் உங்கள் கணினிக்கு உரியது, வலப்பக்க எண் கன்டெய்னருக்கு உரியது. முன்னால் 127.0.0.1 என்று எழுதியிருப்பதால், அதே வைஃபையில் இருக்கும் பிறர் இத்தளத்தைத் திறக்க முடியாது. அதை எழுதாவிட்டால் டாக்கர் எல்லா நெட்வொர்க் முகவரிகளிலும் போர்ட்டைத் திறந்துவிடுகிறது. தரவுத்தளத்துக்குப் போர்ட்டே திறக்காததும் இதே எச்சரிக்கையால்தான்.

இரண்டு வால்யூம் வரிகளும் ஒன்றுபோல் தோன்றினாலும் வகை வேறு. வெப்பில் இருப்பது பைண்ட் மவுன்ட்: உங்கள் சோர்ஸ் கோப்புறையே கன்டெய்னருக்குள் தெரிகிறது, எடிட்டரில் சேமித்த மாற்றம் உலாவியைப் புதுப்பித்தவுடன் வந்துவிடுகிறது. டிபியில் இருப்பது பெயரிட்ட வால்யூம்: டாக்கர் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ளும் இடம், தரவுத்தளக் கோப்புகள் அதில் தங்குகின்றன. இவ்விரண்டுக்கும் வெளியே கன்டெய்னருக்குள் எழுதப்படும் எதுவும் நிலைக்காது.

ஹெல்த்செக் பகுதியைப் பல தொடக்கநிலை விளக்கங்கள் விட்டுவிடுகின்றன. அது இல்லாமல் டிபெண்ட்ஸ்_ஆன் மட்டும் எழுதினால், தரவுத்தளக் கன்டெய்னர் தொடங்கியதும் வெப்பும் தொடங்கிவிடும். தரவுத்தளம் இணைப்புகளை ஏற்கத் தயாராகிவிட்டதா என்று எவரும் பார்ப்பதில்லை. விளைவு, முதல் முறை மட்டும் தோன்றி மறையும் இணைப்புப் பிழை.

படி 5: ஓட்டிப் பார்த்தல்

திட்டக் கோப்புறையில் நின்று டாக்கர் கம்போஸ் அப் -டி என்று உள்ளிடுங்கள். முதல் முறை இமேஜ்கள் இறங்குவதற்கு நேரம் எடுக்கும். பின்னர் உலாவியில் லோக்கல்ஹோஸ்ட்:8080 என்ற முகவரியைத் திறந்தால், 403 ஃபர்பிடன் என்ற செய்தி வரும். இது பிழையன்று, சோர்ஸ் கோப்புறை காலியாக இருப்பதையே அப்பாச்சி சொல்கிறது. அதற்குள் இண்டெக்ஸ்.பிஹெச்பி என்ற கோப்பில் பிஹெச்பிஇன்ஃபோ செயற்கூற்றை அழைத்து எழுதிப் புதுப்பித்தால், பதிப்பு 8.3 என்ற தலைப்புடன் நீண்ட அட்டவணை தோன்றும். அதில் பிடிஓ_மைஎஸ்க்யூஎல் என்ற பகுதி இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிடுங்கள்.

தரவுத்தளத்துடன் இணைக்கும்போது பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஹோஸ்ட் பெயராக லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினால், 2002 என்ற எண்ணுடன் நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி என்ற பிழை வரும். கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்பது அந்தக் கன்டெய்னரையே குறிக்கும்; பிஹெச்பியோ அப்பெயரைக் கண்டதும் நெட்வொர்க்கை நாடாமல், அங்கேயே ஒரு சாக்கெட் கோப்பைத் தேடுகிறது; அது அங்கே இல்லை. 127.0.0.1 என்று மாற்றினால் கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட் என்று பிழையின் வாசகம்தான் மாறும். கம்போஸ், சர்வீஸ்களின் பெயர்களையே நெட்வொர்க் முகவரிகளாக அறிவிக்கிறது. எனவே ஹோஸ்ட் இடத்தில் டிபி என்று எழுதுவதே சரி. பயனர் ரூட், கடவுச்சொல் டெவ்பாஸ், தரவுத்தளம் பிளாக்.

படி 6: நிறுத்துதலும் நீக்குதலும்

டாக்கர் கம்போஸ் ஸ்டாப் கன்டெய்னர்களை நிறுத்தி மட்டும் வைக்கிறது. டாக்கர் கம்போஸ் டவுன் அவற்றையும் அவற்றின் நெட்வொர்க்கையும் நீக்குகிறது. டிபிடேட்டா வால்யூம் அப்படியே இருப்பதால், மறுபடி அப் கொடுத்தால் அட்டவணைகள் பழையபடி கிடைக்கின்றன. டவுன் என்பதற்குப் பின் -வி சேர்த்தால் வால்யூமும் போய்விடும். கேள்வி கேட்காது, உறுதிப்படுத்தச் சொல்லாது. முக்கியமான தரவு இருந்தால், அதற்கு முன் ஓடும் கன்டெய்னருக்குள் கட்டளைகளை இயக்கும் டாக்கர் கம்போஸ் எக்ஸெக் கட்டளையால், டிபி கன்டெய்னருக்குள் தரவை நகலெடுக்கும் மரியாடிபி-டம்ப்பை ஓட்டி, வெளியீட்டை உங்கள் கணினியில் ஒரு கோப்பில் சேமித்துக்கொள்ளுங்கள்.

கடவுச்சொல்லைக் கம்போஸ் கோப்பில் மாற்றிவிட்டு, ஏன் பழையதே செல்லுபடியாகிறது என்று குழம்புவோர் உண்டு. அந்த மாறிகள், வால்யூம் காலியாக இருக்கும் முதல் தொடக்கத்தில் மட்டுமே படிக்கப்படுகின்றன. பின்னர் மாற்ற வேண்டுமானால் தரவுத்தளத்துக்குள் சென்றே மாற்ற வேண்டும்.

எக்ஸெக் வழியே கன்டெய்னருக்குள் நுழைந்து ஏதேனும் மென்பொருளை நிறுவினாலும் இதே கேள்விதான்: அது எழுதப்படத்தக்க அடுக்கில் உட்காருகிறது, அடுத்த டவுனில் காணாமல் போகிறது. தேவையானதை டாக்கர்ஃபைலில் ஒரு ரன் வரியாகச் சேர்த்து, டாக்கர் கம்போஸ் அப் -டி --பில்ட் என்று கொடுங்கள்.

சிக்கல் வந்தால்

எதற்கும் முன்னால் டாக்கர் கம்போஸ் லாக்ஸ் -எஃப் வெப் என்று கொடுத்துப் பதிவுகளைப் படியுங்கள். பாதிச் சிக்கல்களின் விடை அங்கேயே இருக்கும். போர்ட் ஏற்கனவே பயன்பாட்டில் உள்ளது என்று வந்தால், இடப்பக்க எண்ணை 8081 என மாற்றினால் போதும்.

லினக்ஸில் கோப்புப் பதிவேற்றம் தோல்வியடைந்தால் உரிமைகளைப் பாருங்கள். இந்த இமேஜில் அப்பாச்சி 33 என்ற பயனர் எண்ணில் ஓடுகிறது, உங்கள் கோப்புகள் பெரும்பாலும் 1000-க்கு உரியவை. பதிவேற்றக் கோப்புறைக்கு மட்டும் 33 எழுதும் உரிமையைத் தருவது முறையானது. எல்லாவற்றுக்கும் 777 (அனைவருக்கும் முழு உரிமை) கொடுத்துவிடும் பழக்கம் வேண்டாம்.

சில மாதங்களில் வட்டு நிறையத் தொடங்கும். டாக்கர் சிஸ்டம் டிஎஃப் எதற்கு எவ்வளவு இடம் போயிருக்கிறது என்று காட்டும். டாக்கர் இமேஜ் ப்ரூன் பெயரற்றுப் போன பழைய இமேஜ்களை நீக்கும். வால்யூம்களை நீக்கும் கட்டளைகளை, பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மட்டும் ஓட்டுங்கள்.